நூல், வாட்டம், சட்டி: மேஸ்திரி சொன்னது எவ்வளவு?

பள்ளத்தூர்_மாப்பிள்ளை
காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்று. வளவை (நடு முற்றத்தை) சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் டைல்) போட வேண்டும், பின்கட்டுச் (வீட்டின் பின்பகுதிச்) சுவரைப் பூச வேண்டும். மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே தருகிறேன்:

"தாழ்வாரம் ரெண்டு நூல் வாட்டம். பூச்சு ஒண்ணுக்கு அஞ்சு, புள்ளி வச்சு. கல் சதுரத்துக்கு 225, பார்டர் தனி. பின்கட்டு லிண்டலுக்கு மூணு நூல் கம்பி. கீழ்ச்சுவர் ஓதம், பார்த்துச் செய்யணும்."

தாழ்வாரத்தின் ஒரு பக்கம் 24 அடி நீளம், 6 அடி அகலம். இதில் எது எவ்வளவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேட்டால் "எல்லாம் வழக்கமா செய்யிறதுதான்" என்கிறார்.

கரண்டி
மாப்ளே, முதல்ல நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அதாவது ஒரு நூல் மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆசாரி, கொத்தனார், கம்பி கட்டுறவர் எல்லாருக்கும் இதுதான் கணக்கு. சுவர் கட்டும்போது இழுத்துக் கட்டுற கயிறும் நூல்தான். "நூலுக்குக் கட்டு"ன்னா கயிறை ஒட்டிக் கட்டுன்னு அர்த்தம், "நூல் தள்ளி இருக்கு"ன்னா ஒரு நூல் அளவு விலகி இருக்குன்னு அர்த்தம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

வாட்டம்னா தண்ணி ஓடுறதுக்கான சரிவு. உங்க சீட்டுல ஓட்டை இங்கதான் இருக்கு. "ரெண்டு நூல் வாட்டம்"னா அடிக்கு ரெண்டு நூலா, 6 அடிக்கும் சேர்த்து ரெண்டு நூலா?

அடிக்கு ரெண்டுன்னா 6 அடிக்கு 12 நூல், ஒன்றரை இஞ்சு இறக்கம். நாற்காலி போட்டா ஆடும், நடக்கும்போதே தெரியும். மொத்தத்துக்கு ரெண்டுன்னா கால் இஞ்சுதான் இறங்கும், அதுக்குப் பேரு வாட்டமே இல்லை. மழைச் சாரல் அடிச்சா தண்ணி அங்கங்க தேங்கும். தாழ்வாரத்துக்கு அடிக்கு ஒரு நூல் போதும், 6 அடிக்கு முக்கால் இஞ்சு. குளியலறைக்குத்தான் அடிக்கு ஒன்றரையிலிருந்து ரெண்டு. "அடிக்கு" என்ற வார்த்தையைச் சீட்டுல எழுத வைங்க.

மூலைமட்டம்
கரண்டி அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். நாலு பக்கத் தாழ்வாரமும் முற்றத்தை நோக்கிச் சரியும்போது, நாலு மூலையிலும் உள்ள 6-க்கு 6 சதுரம் இரண்டு பக்கமாகச் சரிய வேண்டியிருக்கும். அங்கே கல் முறுக்கி உட்கார வேண்டும், ஆனால் கல் வளையாது. அடிக்கு ஒரு நூல் என்றால் கலவையில் சரிக்கட்டிவிடலாம். இரண்டு நூல் ஆனால் ஒவ்வொரு கல்லின் முனையும் எழும்பி நின்று காலில் தட்டும். அப்புறம் குறுக்குமூலை வாக்கில் கல்லை அறுத்துப் போட வேண்டும், பூ இரண்டாகிவிடும். பூக்கல்லுக்கு அது அசிங்கம்.

மட்டம் பிடிப்பதற்கு ரசமட்டத்தை நம்ப வேண்டாம், 24 அடிக்கு அது போதாது. டியூபில் தண்ணீர் நிரப்பிப் பிடியுங்கள். பிடிப்பதற்கு முன் இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கவில்லை என்றால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. தட்டி வெளியேற்றிவிட்டுத்தான் சுவரில் குறி போட வேண்டும். முற்றத்தின் தூண்களில் எல்லாம் குறி போட்ட பிறகே முதல் கல்.

ஆத்தங்குடிக்கல்
சதுரம் என்பது 100 சதுர அடி. 8 இஞ்சுக் கல் சதுரத்துக்கு 225, 10 இஞ்சு 144, அடிக்கு அடி 100. மேஸ்திரி எழுதியது 8 இஞ்சுக் கல்லுக்கு.

உங்கள் பக்கம் 24-க்கு 6 என்றால் நீளவாக்கில் 36 கல், அகலவாக்கில் 9 கல், மொத்தம் 324. சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் என்றால் அதற்கு 86 போகும். அந்த 86-லும் 4 மூலைக்கல், 82 நேர் பார்டர். நடுவில் 238. "பார்டர் தனி" என்று எழுதியவர் இந்த மூன்று எண்ணையும் பிரித்து எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் மூன்றும் வேறு வேறு அச்சு. மூலைக்கல்லை மறந்துவிட்டுப் பார்டர் கல்லை மூலையில் வைத்தால் கொடி திரும்பாமல் முட்டி நிற்கும். உடைசலுக்கும் அறுப்புக்கும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை கூடுதலாகச் சொல்லுங்கள். தூண் அடியில் அறுப்பு அதிகம் என்பதால் பத்தே வைத்துக்கொள்ளலாம். பிறகு வாங்கினால் கலர் சேராது. கலரைக் கையால் கலக்கிறார்கள், ஒவ்வொரு கலப்பும் ஒரு சாயல் தள்ளித்தான் வரும்.

கல் செய்யும் முறை தெரிந்தால் போடும்போது வரும் தப்புகள் புரியும். சூளை கிடையாது. துடைத்த கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வெள்ளைச் சிமெண்டும் ஆக்ஸைடு கலரும் கரைத்ததை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கை ஆடினால் கலர் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். அதன் மேல் ஈரமில்லாத மணல்-சிமெண்டைத் தூவினால் கலரில் உள்ள தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையை நிரப்பிக் கரண்டியால் அழுத்தி மட்டம். சட்டத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடியோடு ஒரு நாள் காயவைத்து, தொட்டித் தண்ணீரில் சில நாள் போடுவார்கள். பிறகு கண்ணாடி கழன்றுவிடும். அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகம்தான், மெருகு மெஷின் போட்டு வந்தது இல்லை.

மேலே கலர் இருப்பது சில மில்லிமீட்டர்தான். அதனால் மெஷின் பாலிஷ் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். இது சிமெண்ட், ஆசிட் பட்டால் முகம் அரித்துச் சொரசொரப்பாகிவிடும். எலுமிச்சையும் புளித்தண்ணீரும்கூடக் கறையாகும்.

பள்ளத்தூர்_மாப்பிள்ளை
"சிமெண்ட் பால் ஊத்தி முடிச்சிடலாம்" என்றும் சொன்னார். அது சரியா?

ஆத்தங்குடிக்கல்
கூடாது. சிமெண்ட் பால் என்பது தண்ணீராகக் கரைத்த சிமெண்ட். மொசைக், சாதா டைல் தரைகளில் மேலே ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவார்கள், சந்துகள் அடையும். ஆத்தங்குடிக் கல்லில் சாம்பல் சிமெண்ட் ஊற்றினால் மஞ்சளும் வெள்ளையும் அழுக்கேறிவிடும், எடுக்க முடியாது. கல்லைச் சந்து தெரியாமல் நெருக்கி வைத்து, இருக்கிற மயிரிழைச் சந்தில் வெள்ளைச் சிமெண்டோடு அந்தக் கலர் ஆக்ஸைடைக் குழைத்துத் தேய்த்து, ஈரம் காயும் முன் துடைக்க வேண்டும். போடும் முன் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்திருக்க வேண்டும். காய்ந்த கல் கீழ்க் கலவையின் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிடிக்காது. தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும். அதைத்தான் "கல் பொய்யா உட்கார்ந்திருக்கு" என்பார்கள்.

வேலை முடிந்து தரை நன்றாகக் காய்ந்த பிறகு உமியோ மரத்தூளோ போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும்.

இன்னொன்று. கல்லின் கனம் முக்கால் இஞ்சு. கீழே கலவை ஒன்றரை இஞ்சு. மொத்தம் இரண்டேகால். பழைய தரையைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் தாழ்வாரத்தில் திறக்கிற கதவு எல்லாம் தரையில் இடிக்கும். தேக்குக் கதவின் அடியை அறுக்க யாருக்கும் மனசு வராது. வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு நிலைப்படியிலும் டேப் வைத்துப் பாருங்கள்.

கம்பிக்கட்டு
மூணு நூல் கம்பின்னா 12 எம்.எம்.

மூலைமட்டம்
இல்லை தம்பி. மூணு நூல் என்பது மூணு பங்கு எட்டு இஞ்சு, ஒன்பதரை எம்.எம். வருகிறது. கடையில் அதற்குச் சமம் 10 எம்.எம். நாலு நூல்தான் 12. ஐந்து நூல் 16. ரெண்டரை நூல் 8. பழைய மேஸ்திரிகள் நூலில் சொல்வார்கள், கடைக்காரர் எம்.எம்.மில் கேட்பார். இந்த மாற்றத்தில்தான் தப்பு நடக்கிறது.

வந்திறங்கிய கம்பியை எடை போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு முழுக் கம்பி 12 மீட்டர். 8 எம்.எம். என்றால் சுமார் 4.7 கிலோ, 10 என்றால் 7.4, 12 என்றால் 10.7. எம்.எம். அளவை அதே அளவால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். எடை கணிசமாகக் குறைந்தால் கம்பி மெலிவு.

கம்பிக்கட்டு
சரிதான் அண்ணே, நாலுன்னு நினைச்சு எழுதிட்டேன்.

பேரேடு
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். நூல் என்பது இஞ்சில் அரைக்கால். அரை நூல் என்றால் அதில் பாதி, மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. ஆசாரிமார் அளவும் பழைய கணக்கு வாய்ப்பாடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

"அடிக்கா, மொத்தத்துக்கா" என்ற தொல்லை வட்டிக்கடைப் பேச்சிலும் உண்டு. "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. மாதம் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. வெளியூர்க்காரர் வருஷத்துக்கு இரண்டு என்று எண்ணிக்கொள்வார். பேரேடு, ஐந்தொகை, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று இந்தப் பக்கக் கடைப் பேச்சே ஒரு தனி உலகம்.

நெறியாளர்
அந்த உலகத்துக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, இங்கே பூச்சு இன்னும் பாக்கி இருக்கிறது.

கரண்டி
பூச்சுக்கு வர்றேன். "ஒண்ணுக்கு அஞ்சு"ன்னா ஒரு பங்கு சிமெண்ட், அஞ்சு பங்கு மணல், எடையில இல்லை, அளவுல. இதுல சட்டிதான் வில்லன். மணலைச் சட்டியில அள்ளிப் போடுவாங்க, சிமெண்ட்டை மூட்டையாக் கொட்டுவாங்க. ஒரு மூட்டை 50 கிலோ, அளவுல 35 லிட்டர். அஞ்சு பங்குன்னா 175 லிட்டர் மணல். உங்க சட்டி எத்தனை லிட்டர் பிடிக்குதுன்னு ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க. 10 லிட்டர்னா தலை தட்டிப் பதினேழரை சட்டி. குவிச்சு அள்ளினா கணக்கு வேற. சட்டிக்குச் சட்டி அளவு மாறும், அதனால "மூட்டைக்கு இத்தனை சட்டி"ன்னு ஒரு எண்ணை மனப்பாடம் பண்றதுல அர்த்தமே இல்லை.

இன்னொரு சிக்கல், ஈர மணல் உப்பும். பாட்டில்ல ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, மேல தண்ணி ஊத்திக் குலுக்கி நிக்கவைங்க. 16-க்கு இறங்குச்சுன்னா நாலுல ஒரு பங்கு உப்பல். அப்ப பதினேழரை சட்டி போட்டும் உண்மையில 14 சட்டி மணல்தான் உள்ள போகுது, கலவை ஒண்ணுக்கு நாலு ஆயிடுது. சரிக்கட்ட 22 சட்டி போடணும்.

சிமெண்ட் கூடினா நல்லதுதானேன்னு நினைப்பாங்க. கூடினா சுருங்கும், சுவர் முழுக்க மெல்லிசா வெடிப்பு வலை பின்னும். தளத்துல அதை "ஏர் கிராக்"ம்பாங்க, காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, மயிரிழை வெடிப்புதான். வெறும் சிமெண்டைத் தூவி வழவழப்பாத் தேய்ச்சாலும், வெயில்ல பூசிட்டுத் தண்ணி அடிக்காம விட்டாலும் அதேதான் வரும். (சித்தாள் "இன்னைக்குத் தண்ணி அடிக்கலை"ன்னு சொன்னா முகத்தைச் சுளிக்காதீங்க, பூச்சுக்குத் தண்ணி அடிக்கிறதைத்தான் சொல்றாங்க. ஏழு நாள் அடிக்கணும்.)

மூலைமட்டம்
"புள்ளி வைத்து" என்பது நல்ல வார்த்தை, சீட்டில் அது இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பூசும் முன் சுவரில் நாலைந்து அடிக்கு ஒன்றாகக் கலவையில் ஓட்டாஞ்சில்லைப் பதித்து, தூக்குக்குண்டு விட்டும் நூல் பிடித்தும் எல்லாப் புள்ளியையும் ஒரே முகத்துக்குக் கொண்டுவருவது. புள்ளிக்குப் புள்ளி கலவைப் பட்டை இழுத்து, நடுவில் நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்ப்பார்கள். புள்ளி இல்லாமல் கண்ணளவில் பூசினால் பகலில் நேராகத் தெரியும். ராத்திரி சுவரோரம் விளக்குப் போட்டால் அலை அலையாகத் தெரியும்.

உள்சுவருக்கு நாலு நூல் கனம், வெளிச்சுவருக்கு ஆறு நூல். அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு முறையாகப் பூச வேண்டும், ஒரே முறையில் அப்பினால் தொங்கி இறங்கும். நாலு நூலுக்குச் சதுரத்துக்கு முக்கால் மூட்டைக்கு மேல், ஒரு மூட்டைக்குள் செலவாகும். மூட்டை இரண்டு கேட்டால் சுவர் கோணலா, கணக்கு கோணலா என்று பாருங்கள்.

காரைப்பூச்சு
எல்லாரும் சிமெண்ட் பூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். சீட்டின் கடைசி வரியைப் படித்தீர்களா? "கீழ்ச்சுவர் ஓதம்." பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவருக்கு அடியில் ஓதம், அதாவது தரையிலிருந்து ஈரம் ஏறினால், அந்தச் சுவர் மூச்சு விட்டுத்தான் காய்கிறது. அதன் மேல் ஒண்ணுக்கு அஞ்சு சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியே வர வழியின்றி இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து பூத்து, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளும். மேலே எனாமல் பெயிண்ட் வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம். பின்கட்டில் ஓதம் இருக்கிற சுவருக்குச் சிமெண்ட் பூச்சு கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

செய்ய வேண்டியது: ஓதக்கோட்டுக்கு மேல் ஒன்றரை இரண்டு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். சில வாரம் காற்றாட விடுங்கள். சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, அப்புறம் காரை, அதாவது சுண்ணாம்புப் பூச்சு.

இங்கே ஒரு தொழில் வார்த்தை: சுண்ணாம்பைத் தாளிப்பது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றுவதைத்தான் சொல்கிறார்கள். கொதிக்கும், தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். குழியில் தண்ணீர் மூடியபடி இரண்டு வாரமாவது கிடக்கட்டும், பிறகு சலித்து எடுங்கள். "நேத்துத் தாளிச்சது, இன்னைக்குப் பூசலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீறாத குருணை பூச்சுக்குள் போய், மாதம் கழித்து ஈரம் பட்டு நீறி, சுவரில் சின்னச் சின்னக் குழியாக வெடித்து உதிரும். ஒவ்வொரு குழியின் நடுவிலும் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், அதுதான் குற்றவாளி.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல். கலக்கும் தண்ணீரில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்டுப் புளிக்கவிடுவது பழைய வழக்கம். முட்டை வெள்ளைக் கருவும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது கடைசிப் பூச்சுக்கு மட்டும். பின்கட்டுக்கு அது தேவையில்லை, முகப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூச்சும் நாலு நூலுக்கு மேல் போகாமல், இடையில் சில நாள் விட்டு, வெயில் படாமல் சாக்கு தொங்கவிட்டு ஈரம் காட்டி வையுங்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகும், மெதுவாகத்தான் ஆகும்.

கரண்டி
காரைப்பூச்சு சொன்னதை ஒத்துக்கிறேன். ஓதம் இல்லாத மேல்சுவருக்கு, பின்னாளில் கட்டின சிமெண்ட் சுவருக்கு மட்டும் ஒண்ணுக்கு அஞ்சு. ஆனா காரை பூசத் தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கிறது இப்பக் கஷ்டம். ஆள் கணக்கும் கேட்டுக்கிடுங்க. "ஒரு செட்"ன்னா சில இடத்துல ஒரு கொத்தனாரும் ரெண்டு சித்தாளும், சில இடத்துல கூட ஒரு நிமிந்தாளும் சேரும். நிமிந்தாள்தான் கலவை கிளறுறவர், கூலி சித்தாளைவிடக் கூட. செட்டுக்கு எத்தனை தலைன்னு கேட்காம கூலி பேசக் கூடாது.

பள்ளத்தூர்_மாப்பிள்ளை
எல்லாருக்கும் நன்றி. மேஸ்திரியிடம் கொடுக்கத் திருத்தி எழுதிய சீட்டு:

"தாழ்வாரம் முற்றத்தை நோக்கி அடிக்கு ஒரு நூல் வாட்டம், 6 அடிக்கு முக்கால் இஞ்சு. 8 இஞ்சுக் கல்: நடு 238, பார்டர் 82, மூலை 4, இவற்றுக்கு மேல் பத்து சதவீதம். சிமெண்ட் பால் கிடையாது. லிண்டல் கம்பி 10 எம்.எம்., எடை பார்த்து. ஓதச் சுவருக்குக் காரை, மற்றதற்கு ஒண்ணுக்கு அஞ்சு, நாலு நூல், புள்ளி வைத்து."

இதில் விட்டது ஏதும் உண்டா?

ஆத்தங்குடிக்கல்
மூலைக்கல்லுக்குப் பத்து சதவீதம் என்றால் நாலரைக் கல் கூட வராது. ஒரு மூலைக்கல் உடைந்தால் அச்சை மறுபடி எடுத்து ஒரே ஒரு கல் போட்டுத் தரமாட்டார்கள். 6 என்று எழுதுங்கள்.

இது ஒரு பக்கத்துக் கணக்கு. நாலு பக்கமும் தொடர்ந்து ஓடுகிற தாழ்வாரம் என்றால் பார்டர் பக்கத்துக்குப் பக்கம் முடியாது, வெளிச்சுற்று ஒன்று, முற்றத்தை ஒட்டிய உள்சுற்று ஒன்று என்று இரண்டே வளையம். மொத்தம் 8 மூலைக்கல்தான். மற்ற மூன்று பக்க அளவையும் போடுங்கள், சேர்த்து எண்ணித் தருகிறேன்.

மூலைமட்டம்
கல்லுக்குச் சொல்லும் முன் நிலைப்படி அளவு. இரண்டேகால் இஞ்சு எந்தக் கதவில் இடிக்கிறது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.